முதல்நூல் காணா மேற்கோள்

தமிழிலக்கிய ஆய்வு என்னும் பெயரால் ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களில் வந்து குவியும் ஆய்வேடுகளின் தொகை பெரிது. அட்டை உறுதியாய் இருக்கும். தலைப்பு நீளமாய் இருக்கும். இறுதியில் நூற்பட்டியல் பல பக்கம் ஓடும். ஆயினும், அவ்வேட்டின் அடிக்குறிப்புகளுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு, அது சுட்டும் நூலின் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்க்குப் பல வேளைகளில் ஏமாற்றமே மிஞ்சும். புறநானூற்றுப் பாட்டின் எண் ஒன்றாகவும் பாட்டு வேறொன்றாகவும் இருக்கும். நச்சினார்க்கினியர் கூற்றெனக் காட்டப்பெற்றது அவர் உரையில் எவ்விடத்தும் இராது. அதே கூற்று, அதே எண்பிழையோடும் எழுத்துப்பிழையோடும், முப்பதாண்டுக்கு முன் வெளிவந்த வேறொரு நூலில் அமர்ந்திருக்கும். எழுதிய மாணவன் புறநானூற்றைத் திறக்கவில்லை, புறநானூற்றைப் பற்றிய நூலொன்றையே திறந்தான் என்பது அப்போது விளங்கும்.

இது சிறு பிழைதானே, பட்டத்துக்கு எழுதும் மாணவனிடம் இத்துணைக் கடுமை வேண்டுமா என்று இரங்குவார் உளர். தமிழைப் பொறுத்தவரை இது சிறு பிழையன்று. தமிழின் தொன்மையும் தனித்தன்மையும் பிறரால் இன்றும் ஐயுறப்படுகின்றன. வழக்குமன்றத்தில் நிற்பார்போலத் தமிழ் ஒவ்வொரு தலைமுறையிலும் தன் உரிமைக்குச் சான்று காட்டி நிற்கின்றது. 2004-ஆம் ஆண்டில் நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்த பின்னர், உலகப் பல்கலைக்கழகங்களின் பார்வை இதன்மேல் மேலும் கூர்மையாக விழுகின்றது. இந்நிலையில், கண்டறியாததைக் கண்டதாகச் சொல்லும் ஒரு சான்றாளன் போதும், உண்மை சொல்லும் ஒன்பதின்மரும் ஐயத்துக்கு உள்ளாவர். பொய்ச்சான்று வீழும்போது தான்மட்டும் வீழ்வதில்லை, தன் அருகில் நின்ற மெய்ச்சான்றையும் இழுத்துக்கொண்டே வீழ்கின்றது. ஆய்வேட்டு அடிக்குறிப்பைப் பற்றி இங்கே விரித்துரைக்க நேர்ந்த கரணியம் இதுவே.

ஆய்வுக்குரிய சான்றுகளை முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என இரண்டாகப் பகுப்பர். ஆராயப்படும் நூலும் அதன் சுவடியும் அக்காலத்துக் கல்வெட்டும் காசும் முதன்மைச் சான்றுகள். அவற்றைப் பற்றிப் பிறர் எழுதிய உரை, கட்டுரை, வரலாறு, திறனாய்வு ஆகியன துணைமைச் சான்றுகள். இது மேனாட்டார் கற்பித்த புதுமை என்று எண்ணுவார்க்குத் தொல்காப்பிய மரபியலை நினைவூட்டல் வேண்டும். நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூல் முதல்நூலைத் தொகுத்தும் விரித்தும் அவ்விரண்டும் கலந்தும் மொழிபெயர்த்தும் நால்வகையாக வரும் என்று ஆங்கே சொல்லப்பட்டுள்ளது. பின்வந்த நன்னூலார் சார்புநூல் என மூன்றாவதொன்றையும் சேர்த்தார். எந்நூல் எதன் வழியது என்று வினவும் பழக்கம் தமிழர்க்குப் பழையது. அதனைக் கைவிட்டதே இற்றை ஆய்வின் நோய்.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. எந்நூலும் பிறப்பால் முதன்மைச் சான்றன்று, பிறப்பால் துணைமைச் சான்றுமன்று. வினவும் வினாவே அதன் நிலையை வரையறுக்கின்றது. தொல்காப்பியர் கருத்து யாது என வினவுவார்க்கு நச்சினார்க்கினியர் உரை துணைமைச் சான்று. நச்சினார்க்கினியர் காலத்தில் தொல்காப்பியம் எவ்வாறு பயிலப்பட்டது என வினவுவார்க்கு அவ்வுரையே முதன்மைச் சான்று. இன்று முழுமையாகக் கிடையாத நூல்கள் பல, உரையாசிரியர் காட்டிய மேற்கோள் அடிகளாலேயே பெயரேனும் எஞ்சி நிற்கின்றன, மயிலை சீனி. வேங்கடசாமியார் 1959-இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' அவ்வாறு எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்த நூலேயாகும். ஆங்கே உரைகளே முதன்மைச் சான்றாக நின்று உதவின. ஆகவே, துணைமைச் சான்று என்றதும் அதனை இழிவெனத் தள்ளுதலும் பேதைமை. அதனையே முடிந்த முடிபெனத் தலைமேற் கொள்ளுதலும் பேதைமை.

துணைமைச் சான்றைக் கையாளும் முறையையும் தமிழிலக்கணம் வகுத்தே வைத்துள்ளது. நூல் செய்வானுக்குரிய எழுவகை மதம் என நன்னூலார் கூறுவனவற்றைக் காண்க. பிறர் கொள்கைக்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் அவர் சொல்லியவாறே எடுத்து நிறுத்திப் பின்னர்க் களைதல் ஒன்று, தான் ஒன்றை நாட்டித் தானே நிலைநிறுத்தல் ஒன்று, இருவர் மாறுபட்டவழி ஒரு பக்கம் துணிதல் ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல் ஒன்று, பிறரோடு சேராது தன் கொள்கையே கொள்ளுதல் ஒன்று. இவ்வேழனுள் 'பிறர் சொன்னதைத் தான் சொன்னதுபோல எழுதுதல்' என்பது இல்லை. 'பாராத நூலைப் பார்த்ததாகக் காட்டுதல்' என்பதும் இல்லை. இற்றை ஆய்வேடுகள் பலவற்றில் மிக்கு நிற்பன இவ்விரண்டுமே.

முன்னோர் இதனைச் சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் காட்டினர். சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்னும் மதிப்புப் பெயராற் சுட்டி, அவர் உரையை எடுத்துக்காட்டி, ஏன் பொருந்தாது என்று ஏரணத்தோடு மறுத்தார். பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பாடங்களையும் மறையாது சுட்டிச் சென்றார். இறையனார் களவியலுரையோ ஒரு படி மேலே போயிற்று. அவ்வுரை நக்கீரனாரிடமிருந்து யார்யார் வாயிலாகக் கேட்கப்பட்டு நீலகண்டனார் வரை வந்தது என்பதைப் பெயர்ப் பெயராக அவ்வுரையே நிரல்படக் கூறுகின்றது. அந்நிரலை வரலாறென ஏற்பாரும் ஐயுறுவாரும் உளர். ஆயினும், தான் சொல்வது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியாகவேண்டும் என்னும் கடப்பாட்டை அவ்வுரைகாரர் உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அச்சும் மின்னூலும் இல்லாக் காலத்தில் இருந்த அக்கடப்பாடு, எல்லாம் கைக்கெட்டும் இக்காலத்தில் இல்லாமற் போயிற்று.

இனி, துணைமைச் சான்று எவ்வாறு வழிகாட்டவும் வழிதவறச் செய்யவும் வல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காணலாம். சிலப்பதிகாரத்தின் காலம் யாது என்பதை ஒரு மாணவன் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்கின்றான். அவன் கையில் முதலில் கிடைப்பது இலக்கிய வரலாற்று நூலொன்று. கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகு கலந்துகொண்டான், கயவாகு கி.பி. இரண்டாம் நூற்றாண்டினன், ஆதலின் செங்குட்டுவனும் இளங்கோவடிகளும் அந்நூற்றாண்டினரே என்று அது கூறுகின்றது. மாணவன் அதனைக் குறித்துக்கொள்கின்றான். இரண்டாவது நூலிலும் அதுவே. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதுவே. நான்கு அடிக்குறிப்புகள் அமைந்துவிட்டன; முடிபு உறுதியாயிற்று என்று மகிழ்கின்றான்.

அவன் அந்நான்கு நூலும் தத்தம் முடிபை எங்கிருந்து பெற்றன என்று வினவியிருத்தல் வேண்டும். வினவியிருந்தால், அவற்றுட் பல நீலகண்ட சாத்திரியார் போன்ற வரலாற்றாசிரியர்களையும், அவர்கட்கும் முன்னே, 1904-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட வி. கனகசபையாரையும் சுட்டுவதைக் கண்டிருப்பான். கனகசபையார் நூலையும் பலர் கா. அப்பாத்துரையாரின் தமிழாக்கமாகிய 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' வழியாகவே அறிவர். ஆக, நான்கு நூலும் நான்கு சான்றாகா. ஒரே குரலின் நான்கு எதிரொலிகள் அவை. மலையடிவாரத்தில் நின்று ஒருவன் கூவினால் நாற்புறமும் ஒலி கேட்கும். அதனால் கூவியவர் நால்வர் என்று எவரும் கொள்ளார்.

எதிரொலியை விட்டுக் குரலைத் தேடிச் செல்லும் மாணவனுக்குத் தெரியவருவன வேறு. கயவாகுவின் பெயர் சிலப்பதிகாரத்தில் உரைபெறு கட்டுரையிலும் இறுதிக் காதையாகிய வரந்தரு காதையிலும் வருகின்றது. வரந்தரு காதையைப் பிற்சேர்க்கை என்று கொள்ளும் அறிஞரும் உளர், கொள்ளாதாரும் உளர். அடியார்க்கு நல்லார் உரை வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, அவ்விடத்தில் அவர் துணையும் இல்லை. இலங்கையின் மகாவமிசத்தைப் புரட்டினால், கயவாகு என்னும் மன்னன் 22 ஆண்டு ஆண்டான் என்று இருக்கின்றது. ஆனால், அவன் சேரநாட்டுக்குச் சென்றதாகவோ பத்தினி விழாவிற் கலந்துகொண்டதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்தினியின் சிலம்பை அவன் இலங்கைக்குக் கொண்டுவந்த கதை, பன்னூற்றாண்டு பிற்பட்ட இராசாவலிய என்னும் சிங்கள நூலிலேயே வருகின்றது. அவன் ஆட்சி ஒரு கணக்கின்படி கி.பி. 114 முதல் 136 வரை, மற்றொரு கணக்கின்படி 171 முதல் 193 வரை. கயவாகு என்னும் பெயருடைய வேறொரு மன்னன் பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் இலங்கையை ஆண்டான். பத்தினி வழிபாட்டை ஆராய்ந்து 1984-இல் பெருநூல் வெளியிட்ட இலங்கை அறிஞர் கணநாத ஒபயசேகரர், கயவாகு கதையை வரலாறாகக் கொள்ளலாகாது, தொன்மமாகவே கொள்ளல் வேண்டும் என்று வழக்குரைத்தார்.

இவற்றையெல்லாம் கண்டபின் மாணவன் எம்முடிபுக்கும் வரலாம். கயவாகுச் சான்று போதியது என்று துணியலாம். போதாது என்றும் துணியலாம். துணிபு எதுவாயினும் அது அவனுடையதாக இருக்கும். மறுப்பார் முன் நின்று பேச வல்லதாக இருக்கும். நான்கு எதிரொலிகளை நம்பியவனோ, ஒபயசேகரர் பெயரை எவரேனும் எடுத்தவுடன் வாயடைத்து நிற்பான். அவன் வாயடைத்து நிற்பதைக் கண்டவர், தமிழர் வரலாறே இவ்வாறு ஆட்டம் காண்பதுதான் போலும் என்று எண்ணிச் செல்வர்.

உண்மையில் அது ஆட்டம் காண்பதன்று. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், தமிழி எழுத்தில், ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையைக் கூறும் கல்வெட்டு இன்றும் உள்ளது. அப்பெயர்களைப் பதிற்றுப்பத்துச் சேரர் பெயர்களோடு ஒப்பிட்டு அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பழந்தமிழ்க் கல்வெட்டுகளை நேரிற் சென்று படியெடுத்து ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனாரின் பெருநூல் 2003-இல் வெளிவந்தது. அயல்நாட்டு மன்னன் ஒருவனின் பெயரைப் பற்றிக்கொண்டு தொங்கவேண்டாத சான்று, தமிழ்மண்ணின் பாறையிலேயே இருக்கின்றது. எதிரொலி கேட்டு நின்றவன் அந்தப் பாறைவரை நடந்து செல்லவில்லை என்பதே குறை.

மற்றொன்று, தமிழன்பர் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. ஆதலின் மேலும் கவனத்தோடு கையாளத் தக்கது. குமரிக்கண்டம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் மூன்று வேறு செய்திகள் ஒரே பானையில் இட்டுச் சமைக்கப்படுகின்றன. பஃறுளியாறும் குமரிமலையும் கடல்கொள்ளப்பட்டமை சிலப்பதிகாரம் கூறுவது. அந்நிலம் எழுநூற்றுக் காவதம் பரந்து 49 நாடுகளாய் இருந்தது என்பது அடியார்க்கு நல்லார் உரை கூறுவது. நூலுக்குப் பன்னூற்றாண்டு பிற்பட்டது அவ்வுரை. இலெமூரியா என்னும் பெயரோ, 1864-இல் கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், இலெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்குதற்குப் படைத்தது. தமிழரைப் பற்றி அவர் நினைத்தவரும் அல்லர். நிலத்தட்டுகளின் நகர்வு 1960-களில் உறுதிப்பட்ட பின்னர் அறிவியலார் அக்கருத்தைக் கைவிட்டனர். இம்மூன்றையும் பிரித்தறியாது, 'இளங்கோவடிகள் இலெமூரியாவைக் குறிப்பிடுகின்றார்' என்று எழுதுபவன், இளங்கோவடிகள் சொல்லாத ஒன்றை அவர் தலையில் ஏற்றுகின்றான். இலெமூரியா வீழ்ந்தபோது சிலப்பதிகாரத்தின் கடல்கோட் செய்தியும் கட்டுக்கதையென எள்ளப்பட்டமைக்கு இத்தகைய எழுத்தே இடம் தந்தது. பிரித்து வைத்திருந்தால், கடலோர மக்களின் நெடுநினைவைக் காத்த அரிய இலக்கியச் சான்றாக அச்செய்தி தன் தகுதியில் தானே நின்றிருக்கும்.

விரும்பும் முடிபைத் தரும் நூலை ஆராயாது ஏற்பது ஒரு குற்றமாயின், விரும்பாத முடிபைத் தரும் நூலைத் திறவாது ஒதுக்குவது அதனினும் பெருங்குற்றம். வையாபுரியார் சிலப்பதிகாரத்தையும் தொல்காப்பியத்தையும் மிகப் பிற்காலத்தன என்று எழுதினார். அவரை மேடைதோறும் இகழ்ந்தார் பலர். படித்து மறுத்தார் சிலர். அந்தச் சிலரின் மறுப்பே இன்றும் நிற்கின்றது. பிறர் கொள்கையை அவர் சொல்லியவாறே எடுத்து நிறுத்திப் பின் களைக என்று நன்னூலார் முறை வகுத்ததன் பொருள் இதுவே. மாற்றான் கருத்தைச் சிதைத்துச் சொல்லி வெல்பவன், தான் செய்த வைக்கோற் பாவையையே வென்றவனாவான்.

ஆகவே, ஆய்வேடு எழுதப் புகுவார் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளை இங்கே எடுத்துரைத்தல் பொருந்தும்.

முதலாவது, முதல்நூலை முதலிற் படித்தல். பிறர் கண்ணாடி வழியே முதன்முறை பார்த்தவனுக்கு, பின்னர்த் தன் கண்ணாற் பார்க்கும்போதும் அக்கண்ணாடியின் நிறமே தோன்றும். நூல் முழுவதையும் ஒருமுறையேனும் தானே படித்து, தன் வினாவைத் தானே கண்டெடுத்த பின்னரே பிறர் நூலைத் திறத்தல் வேண்டும். அப்போது அந்நூல் அவனை இழுத்துச் செல்லாது, அவனோடு உரையாடும்.

இரண்டாவது, பதிப்பை அறிதல். சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, பாட வேறுபாடுகளைக் காட்டிப் பதிப்பித்தனர். பின்வந்த எளிய பதிப்புகள் பலவற்றில் அவ்வேறுபாடுகள் இல்லை. சொற்களைப் பிரித்து அச்சிட்ட பதிப்புகள் பயில்வார்க்கு உதவுவன. ஆயினும் எங்கே பிரிப்பது என்பது பதிப்பாசிரியரின் முடிபேயன்றிப் புலவரின் முடிபன்று. திருக்குறளில் இன்று வழங்கும் குறளெண் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் வைப்புமுறையோ இடந்தோறும் வேறுபடுவது. இவற்றை அறியாது எண்ணை மட்டும் எழுதுபவன் கதவிலக்கம் எழுதித் தெருப்பெயர் எழுத மறந்தவனாவான்.

மூன்றாவது, குறிப்பேட்டில் மூன்றைப் பிரித்து வைத்தல். நூலாசிரியரின் சொல்லைச் சொல்லாகவே எடுத்தது ஒன்று. அவர் கருத்தைத் தன் சொல்லிற் சுருக்கியது ஒன்று. படிக்கும்போது தனக்குத் தோன்றியது ஒன்று. இம்மூன்றும் ஒரே மையில் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால், ஓராண்டு கழித்து ஏடெழுதும்போது எது யாருடையது என்று எழுதியவனே அறியான். களவு நோக்கமின்றியே களவு நிகழ்வது இவ்வாறுதான். ஒவ்வொரு குறிப்பின் கீழும் நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் நான்கையும் அப்போதே எழுதிவிடுக.

நான்காவது, பாராததைப் பாராதது என்று ஒப்புதல். சில முதல்நூல்களைத் தேடியும் காணமுடியாமற் போகலாம். அது குற்றமன்று. இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டவாறு என்று ஒரு வரி எழுதினால் உண்மையும் நிற்கும், எழுதியவன் மானமும் நிற்கும். அவ்வொரு வரியை எழுத நாணுபவனே பொய்யனாகின்றான்.

நூல் கிடைக்கவில்லை என்னும் சொல் முன்னாளில் மெய்யாகவே இருந்தது. சிற்றூர் மாணவன் ஒரு பழம்பதிப்பைக் காணச் சென்னைக்கோ மதுரைக்கோ வழிச்செலவு செய்து, நூலகத்து வாயிலிற் காத்திருக்க நேர்ந்தது. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் விலையின்றி வழங்குகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய அச்சு நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்துள்ளது. வறிய மாணவனின் கைப்பேசியிலும் இன்று பழம்பதிப்புகள் பல திறக்கின்றன. இனியும் முதல்நூலைப் பாராதிருத்தல் வறுமையால் வருவதன்று, மடியால் வருவது.

அதே கைப்பேசியில் மற்றோர் இடரும் வந்து அமர்ந்துள்ளது. கேட்ட நொடியில் கட்டுரை யாத்துத் தரும் செய்யறிவுப் பொறிகள் பெருகிவிட்டன. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் படைத்துத் தருகின்றன. புலவர் பாடாத அடியைப் புலவர் வாயில் இடுகின்றன. முன்னாளிற் பிறன் மேற்கோளைத் திருடியவனிடத்தும், எங்கோ ஓரிடத்தில் முதல்நூல் என்று ஒன்று இருந்தது. இப்பொறியை நம்பி எழுதுபவனிடத்து அதுவும் இல்லை. இப்பொய்கள் ஆய்வேட்டில் ஏறி, அவ்வேடு நூலாகி, அந்நூலைப் பார்த்து அடுத்த மாணவன் எழுதுவானாயின், இரண்டு தலைமுறைக்குள் தமிழிலக்கியத்தில் உள்ளது எது, இல்லது எது என்று பிரித்தறிதலே அரிதாகிவிடும்.

பழியை மாணவன்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. ஆய்வேட்டின் பக்கங்களை எண்ணும் நெறியாளர், அடிக்குறிப்புகளுட் பத்தையேனும் தாமே எடுத்துப் பார்த்தாரா? நூற்பட்டியலில் உள்ள நூலொன்றைச் சுட்டி, இதனை எந்நூலகத்திற் பார்த்தாய் என்று வாய்மொழித் தேர்வில் வினவிய தேர்வாளர் எத்துணையர்? வினவுவார் இல்லாத இடத்தில் பொய் தழைத்தல் இயல்பு. பள்ளி வகுப்பிலேயே, உரைநூலை மூடிவைத்துவிட்டுச் செய்யுளை முதலிற் படிக்கச் செய்யும் ஆசிரியன் ஒருவன், பிற்காலத்துப் பத்து ஆய்வாளரை உருவாக்குகின்றான். விளக்கவுரையை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வாங்கித் தருபவனோ, எதிரொலிகளையே பெருக்குகின்றான்.

செல்லரித்த ஏடுகளை ஊர்தோறும் அலைந்து தேடி எடுத்து, கண்பார்வை மங்கும்வரை ஒப்புநோக்கி, ஓர் எழுத்துக்கும் ஐயம் தோன்றியவழி அவ்வையத்தையும் மறையாது அச்சிட்டுத் தந்தனர் முன்னைப் பதிப்பாசிரியர். அவர்கள் காத்துத் தந்த முதல்நூல் இன்று கைப்பேசியின் திரையில் காத்திருக்கின்றது. தமிழ்மேற் பற்றுடையான் எழுத்தில் காட்டவேண்டிய முதற்பற்று அந்நூலைத் திறத்தலே. திறக்க; படிக்க; கண்டதைக் கண்டவாறு எழுதுக; காணாததைக் காணாததென்றே எழுதுக.